நிற்கும் காலை, நெகிழும் மாலை

ரபியாக்கா எழுந்து நிற்பதை நான் முதன்முதலில் பார்த்தது சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மேல்மாடியில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. சக்கர நாற்காலியை வெட்டுமேசையின் விளிம்போடு ஒட்டி நிறுத்தி பிரேக்கைப் போட்டார். உள்ளங்கைகள் இரண்டையும் மேசையில் ஊன்றி முதுகைப் பின்னால் சாய்த்தார். கண்களை மூடினார். வரவேண்டிய யாருக்காகவோ காத்திருப்பவர்போல் இருந்தது அந்த முகம். அவர் காத்திருந்தது தம் கால்களுக்குத்தான். முதலில் வலது தொடை சிலிர்த்தது. பிறகு இரண்டு கால்களும் ஒரே வீச்சில் நீண்டு, முட்டி பூட்டிக்கொண்டு, மரமாக விறைத்தன. அந்த விறைப்பின்மேல் ஏறி அவர் நின்றுவிட்டார்.

"கொடி ஏறியாச்சு," என்றார் அடுத்த கடைத் தையல்காரர் செல்லக்கண்ணு. "எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க லா, பாட்டு போடப் போறாங்க."

"வாய மூடிட்டு சாக்க எடுங்க அண்ணே. இருவது நிமிஷந்தான் நிக்கும்."

செல்லக்கண்ணு சிரித்துக்கொண்டே சுண்ணக்கட்டியை நீட்டினார். நாற்காலியை அவர் முதுகுக்குப் பின்னால் நெருக்கி வைத்தார். ரபியாக்கா இடுப்பை மேசையில் சாய்த்து, கைகளை விடுவித்துக்கொண்டு, விரித்துப் போட்டிருந்த பச்சைப் பட்டின் மேல் குனிந்தார். கத்தரி ஓடிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தண்ணீரில் யாரோ கை அளைவது போன்ற சத்தம். இருபது நிமிடத்தில் இரண்டு ரவிக்கைகள். பிறகு கால்கள் நடுங்கத் தொடங்கின. அவர் நாற்காலியில் விழுந்தார். உட்கார்ந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் விழுந்தார் என்பதுதான் உண்மை.

ரபியாக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். பதினேழு வயதில் சிராங்கூன் சாலைக் கடையொன்றில் பொத்தான் தைக்கச் சேர்ந்து, ஆறே மாதத்தில் கத்தரியைக் கையில் வாங்கிவிட்டவர். மலாய்ப் பெண்களின் பாஜு கூரோங்கோ பஞ்சாபி உடையோ தீபாவளி ரவிக்கையோ, அளவு நாடாவை ஒருமுறை சுற்றிப் பார்த்தாலே போதும், உடம்பு எங்கே வளைகிறது என்பது அவர் விரலுக்குத் தெரிந்துவிடும்.

"தெக்கிறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க தம்பி," என்று ஒருமுறை சொன்னார். "தப்பா தெச்சா பிரிச்சுக்கலாம். தப்பா வெட்டுனா என்ன பண்ணுவே?"

ஆறு ஆண்டுகளுக்கு முன், நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம், சுவா சூ காங் வீட்டில் முக்காலியில் ஏறித் திரைச்சீலை மாட்டியபோது விழுந்தார். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு நசுங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி முக்கால்வாசி போயிற்று. அவர் நினைத்தபடி கால்கள் அசைவது அநேகமாக நின்றுவிட்டது. ஆனால் கால்கள் அசைவது நிற்கவில்லை. அவை தம் இஷ்டத்துக்கு அசைந்தன. மூளையிலிருந்து 'போதும், அடங்கு' என்று கீழே போகும் சொல் வழியிலேயே அறுந்துவிட்டால், தசைகள் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு விரல் பட்டாலும், ஒரு கதவு பட்டென்று சாத்தினாலும், கால் உதைத்து நீளும். இதை நான் நான்கு ஆண்டு படித்தேன். பரீட்சையில் நான்கு பக்கம் எழுதினேன். ரபியாக்கா ஒரே வரியில் சொன்னார்: "சட்டைக் காலர் நிக்கிறதுக்கு உள்ள கேன்வாஸ் வெப்போம்ல? அத எவனோ என் கால்ல வெச்சுத் தெச்சுட்டான்."

நான் ஒரு மருத்துவமனையில் உடலியக்கச் சிகிச்சையாளர். எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன் என்பதால், பெயருக்குப் பின்னால் பி.பி.டி. என்று போடாமல் நான் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. இந்தக் கதையில் நான் வருவதற்குக் காரணம் அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம்தான். அதற்கு வருகிறேன்.

ரபியாக்காவுக்குத் தினசரிப் பயணத்தில் மிகப் பிடித்த இடம் எல்ஆர்டி என்னும் குட்டி மேம்பால ரயில். சுவா சூ காங்கில் ஏறி, புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி, அங்கிருந்து நிலத்தடி ரயிலில் லிட்டில் இந்தியா. எல்ஆர்டி அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் போகும்போது, பயணிகள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிடாமலிருக்க, ரயிலின் சன்னல் கண்ணாடிகள் தாமாகவே வெளுத்துவிடும். வீடுகள் கடந்ததும் தெளியும். "அந்த வெள்ளைக்குள்ள போறப்போ மேகத்துல போற மாதிரி இருக்கும் தம்பி. சத்தமில்ல, ஊரில்ல. எனக்குக் கால் இருக்கா இல்லையானு கூட மறந்துரும்."

அப்படி மறந்திருந்த ஒரு காலையில்தான் வலது கால் சீறி நீண்டு, எதிரே நின்ற சீன மூதாட்டியின் கையிலிருந்த முட்டைத் தட்டை உதைத்தது. கண்ணாடி தெளிந்தபோது ரயில் தரை முழுக்க மஞ்சள். மூதாட்டி கோபப்படவில்லை. "நெவர் மைண்ட் லா" என்று சொல்லி ரபியாக்காவின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலுக்கு இடது காலும் உதைத்தது.

அந்த ஆண்டு எல்லாமே மோசமாகிக்கொண்டு வந்தது. நாற்காலியின் கால்தாங்கியில் உரசி உரசிக் குதிகாலில் புண் வந்து ஆறாமல் நின்றது. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் கால் மேசையை உதைத்து நூல் கோணியது. அதனால் விழுந்த நாளிலிருந்தே அவர் தைப்பதை விட்டிருந்தார். வெட்டுவது ரபியாக்கா, தைப்பது செல்லக்கண்ணு என்பதுதான் ஆறு வருட ஏற்பாடு. விறைப்பை இளக்கும் மாத்திரையைக் கூட்டிப் பார்த்தார்கள். "மாத்திரை காலுக்குப் போறதுக்கு முந்தியே கண்ணுக்குப் போயிருது. கத்தரியக் கையில வெச்சுக்கிட்டே தூங்குறேன்" என்றார்.

இனி என் காகிதம்.

மாதாந்திரப் பரிசோதனையில் படிவத்தை நிரப்புவது என் வேலை. "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டும் வலிச்சுக்குது தம்பி. வலிச்சுக்கிட்டே நிக்குது."

"எவ்வளவு இருக்கும்?"

"எட்டு இருக்கும் லா."

பத்துக்கு எட்டு வலி என்று எழுதி, பி.பி.டி.யும் போட்டேன்.

முகத்தைக் கோணி ஒருவரைக் கேலி செய்வதை வலிச்சுக் காட்டுவது என்போமே, ரபியாக்கா சொன்னது அந்த 'வலிச்சு'. முறுக்கிக்கொள்கிறது, இழுத்துக்கொள்கிறது என்று பொருள். எங்கள் ஊர்ப் பக்கம் கால் முறுக்கினால் கொறக்களி என்போம். அதனால் என் காதில் வலி மட்டும் விழுந்தது, 'சு' விழவில்லை. எட்டு என்று அவர் சொன்னது ஒரு நாளைக்கு எட்டு தடவை. நான்கு வருடப் படிப்பு ஓர் எழுத்தில் சறுக்கியது.

இரண்டு வாரத்தில் வலி மருத்துவப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. மகள் யும்னா அன்று வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு உம்மாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மொழிபெயர்க்க நானும் போனேன். டாக்டர் ஓங் அமைதியான பெண்மணி. படிவத்தைப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் வலி என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"வலியா? எனக்கா?" என்றார் ரபியாக்கா. "யாரு சொன்னது?"

அறையில் இருந்த மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணா," என்றாள் யும்னா, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யூ ரோட் பெயின்? சீரியஸ்லி? உம்மாவுக்கு அங்க ஊசி குத்துனாலே தெரியாது."

"எட்டுனு நீங்கதானேக்கா..."

"ஒரு நாளைக்கு எட்டு வாட்டி வலிச்சுக்குதுனு சொன்னேன் தம்பி. பட்டம் வாங்குன புள்ள, தமிழ்ல பெயிலாயிட்டியே."

இந்தச் சிரிப்புக்கிடையில் ரபியாக்காவின் வலது பாதம் கால்தாங்கியில் தானாகத் தாளம் போடத் தொடங்கியது. டக் டக் டக். டாக்டர் ஓங் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, தரையில் முழங்காலிட்டு, அந்தப் பாதத்தைக் கையில் ஏந்தி, மெல்ல மேல்நோக்கி மடக்கினார். அது அவர் கைக்குள்ளேயே துடித்தது, பிடிபட்ட புறா மாதிரி. அவர் நெடுநேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடிதம் தப்பு, ஆனால் வந்த இடம் சரிதான் என்றார் கடைசியில். தீராத வலிக்காரர்களுக்கு இங்கே முதுகுத் தண்டைச் சுற்றியிருக்கும் நீரில் நேரடியாக மருந்து விடுகிறோம். அதே வழியில் விறைப்பையும் இளக்கலாம். வாயால் விழுங்கும் மாத்திரை உடம்பெல்லாம் சுற்றித்தான் அங்கே போகவேண்டும், அதனால்தான் தூக்கம். நேராக அங்கேயே விட்டால் மாத்திரையில் ஒரு துளி அளவே போதும். வயிற்றுத் தோலுக்கு அடியில் ஷூ பாலிஷ் டப்பா அளவில் ஒரு பம்பு. அதிலிருந்து முதுகுக்கு ஒரு நூல்குழாய். சில மாதத்துக்கு ஒருமுறை ஊசியால் மருந்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். முதலில் ஒரே ஒரு ஊசி போட்டு ஒருநாள் பார்ப்போம்.

ரபியாக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "அதப் போட்டா நிக்க முடியுமா?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எப்படி நிற்கிறார் என்பதையும் சொன்னேன். டாக்டர் ஓங் அந்தப் பாதத்தை மறுபடி பார்த்தார். அவரை நிறுத்துவதும் அதே விறைப்பு, அவரைப் புண்ணாக்குவதும் அதே விறைப்பு என்றார். எவ்வளவு எடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

பரிசோதனை நாளன்று காலை ஒன்பதரைக்கு ஊசி போட்டார்கள். மருந்துக்கு முன் நான் அவர் முட்டியை மடக்கிப் பார்த்தேன்; துருப்பிடித்த கேட்டைத் தள்ளுவது போல் இருந்தது. பத்தரைக்கு ஒன்றுமில்லை. பதினொன்றுக்கு வெளியே மழை பிடித்தது. சன்னலுக்கு அப்பால் மரங்கள், கட்டடங்கள், தொலைவில் நின்ற கிரேன்கள் எல்லாம் ஈரத்தில் கரைந்து ஒரே சாம்பல் நிறமாயின. பதினொன்றரைக்கு நான் மறுபடி முட்டியைப் பிடித்தேன். அது என் கையில் மடிந்தது. நனைந்த மல் துணியை மடிக்கிறோமே, அப்படி, எந்த எதிர்ப்பும் இல்லாமல்.

ரபியாக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"தம்பி, என் கால் ரெண்டும் எங்க?"

"இங்கதான்கா இருக்கு. என் கையில."

"சத்தமே இல்ல." தொடையைத் தட்டிப் பார்த்து, "மேல்வீட்டுல ஆறு வருஷமா டிரில் போட்டுட்டே இருந்தான். இன்னைக்கு நிறுத்திட்டான்" என்றார்.

அவர் தூங்கவில்லை, விழித்தும் இல்லை. மழைச்சத்தத்துக்கு இடையில் ஏதேதோ பேசினார். தம் கால்கள் இரண்டும் கடல்மீது விரித்துப் போட்ட துணி என்றார், யாரோ அதன் ஓரத்தைப் பிடித்து உதறுகிறார்கள் என்றார். எந்தக் கடல் என்று நான் கேட்கவில்லை. அவரே, தஞ்சோங் பகார் வீட்டுச் சன்னலில் தெரிந்த கடல் என்றார், இப்போது அங்கே அலுவலகம்தான் இருக்கிறது என்றும் சொல்லிச் சிரித்தார். அது மருந்தின் மயக்கம் இல்லை. எனக்கும் கொஞ்சம் தொற்றிக்கொண்டது. அந்த அறையில் பெருவிரலிலிருந்து கூரை விளக்கு வரை எல்லாம் மெதுவாக மிதந்தன.

நண்பகலில் அவரைத் தூக்கி உட்காரவைத்தேன். கால்களை ஒவ்வொன்றாக மடித்தேன். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ரபியாக்கா கட்டிலின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தம் மடியைக் குனிந்து பார்த்தார். அதைத் தடவினார்.

யும்னா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். இருபத்துமூன்று வயதுப் பெண், வங்கியில் வேலை பார்க்கிறவள். கட்டிலில் சாய்ந்து உம்மாவின் மடியில் தலையை வைத்தாள். தலை வைத்தால் உதைத்துவிடும் என்பதால் ஆறு ஆண்டுகளாக அந்த மடி யாருக்கும் இல்லாமல் இருந்தது. ரபியாக்கா அவள் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, மழையைப் பார்த்தார். நான் படிவத்தில் எதையோ எழுதுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு அவரை எழுந்து நிற்கவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டு கம்பிகளுக்கு நடுவே நாற்காலியை நிறுத்தி, இடுப்பில் பட்டை கட்டி, நான் பிடித்துக்கொண்டேன். ரபியாக்கா கம்பிகளைப் பற்றினார். முதுகைச் சாய்த்தார். கண்களை மூடினார். காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். தொடை சிலிர்க்கும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கைகளின் பலத்தில் எழும்பப் பார்த்தார். முட்டிகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகச் சரிந்தன. பட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"வரல," என்றார்.

"மறுபடி பாக்கலாம்கா."

"வராது தம்பி. உள்ள இருந்த கேன்வாஸ உருவிட்டாங்க."

மறுநாள் காலை விறைப்பு முழுசாகத் திரும்பியிருந்தது. டாக்டர் ஓங் இரண்டு வாரம் யோசிக்கச் சொன்னார். பம்பு வைப்பதா வேண்டாமா என்பது ரபியாக்காவின் முடிவு. வைத்தால் உடம்பு பிழைக்கும், நிற்பது போகலாம். நிற்பது போனால் வெட்டுவது போகும். அந்த மேசையின் மறுகோடியை நாற்காலியில் உட்கார்ந்து எட்ட முடியாது. மேசையைத் தாழ்த்தினாலும் ஐந்து மீட்டர் துணியை மேலிருந்து முழுசாகப் பார்க்காமல் அவரால் கத்தரி வைக்க முடியாது.

அந்த இரண்டு வாரமும் கடையில் இதே பேச்சுதான். நான் என் இரண்டு கால்சட்டைகளைக் குட்டையாக்கக் கொண்டுபோயிருந்தேன். அதைச் சாக்காக வைத்து மூன்று தடவை போனேன்.

"வெச்சுக்க ரபியா," என்றார் செல்லக்கண்ணு. "வெட்ட நானாச்சு."

"நீங்க வெட்டுனா பொம்பளைங்க கைய தூக்கி பஸ்ஸ நிறுத்த முடியாது அண்ணே. எல்லாரும் நடந்துதான் வீட்டுக்குப் போவணும்."

"பாத்தியா தம்பி, நல்லது சொன்னா வாய்."

யும்னா சிரிக்கவில்லை. "உம்மா, அந்தக் குதிகால் புண்ண நர்ஸ் போட்டோ எடுத்துக் காமிச்சாங்கல்ல? எலும்புக்குப் போச்சுனா நீங்க நாற்காலியிலயும் உக்கார முடியாது. மாசக்கணக்குல படுக்கைதான். அப்ப எங்க நிப்பீங்க?"

"நிக்காம நான் யாருடி?" என்றார் ரபியாக்கா. குரலை உயர்த்தவில்லை. "தேக்காவுல யாரக் கேட்டாலும் ரபியா கட்டிங்னுதான் சொல்வாங்க. உக்காந்துட்டு இருந்தா ரபியா மட்டும்தான்."

"ரபியா மட்டும் போதும் எங்களுக்கு."

ரபியாக்கா சுண்ணக்கட்டியை எடுத்துக் கூர்தீட்டத் தொடங்கினார். கூர்தீட்டிக்கொண்டே, வேறு யாரிடமோ பேசுவதுபோல் சொன்னார்: "கால் நல்லா இருந்த காலத்துல காலையில வெட்டு, சாயந்தரம் வரைக்கும் தையல். மதியத்துக்கு மேல கை வேர்த்து சாக் கோடு கலைஞ்சுரும். அப்பெல்லாம் பன்னெண்டு மணி ஆனா கத்தரிய மூடிருவேன்." தீட்டுவதை நிறுத்தினார். "தம்பி, அந்த டப்பா நாள் முழுக்க ஒரே மாதிரிதான் சொட்டுமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல நான் இப்போது கூச்சப்படவில்லை. அங்கிருந்தே டாக்டர் ஓங்குக்குச் செய்தி அனுப்பினேன். நான் பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் பதில் வந்தது. நேரத்துக்கு நேரம் அளவை மாற்றி அமைக்கலாம். சுவிட்சு போட்டதுபோல் இருக்காது. கூடுவதற்கும் குறைவதற்கும் ஒரு மணி, இரண்டு மணி பிடிக்கும். சரியான அளவு கிடைக்க மாதங்கள் ஆகலாம். கிடைக்காமலும் போகலாம்.

படியேறித் திரும்பிப் போய் அதை அப்படியே படித்துக் காட்டினேன். கடைசி வரியையும்.

ரபியாக்கா பழுப்புக் காகிதத்தில், ரவிக்கை மாதிரி வரைகிற காகிதத்தில், ஒரு கோடு போட்டார். கோட்டின் மேல் மணிகளைக் குறித்தார். மருந்தின் அளவைக் காட்டும் இன்னொரு கோடு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தாழ்ந்து ஓடியது. பன்னிரண்டுக்கு மேல் தோள்பட்டை வளைவு மாதிரி மெல்ல ஏறி, இரவு முழுவதும் உயரத்திலேயே நின்றது. "இப்படி வெட்டித் தரச் சொல்லு உங்க டாக்டர," என்றார்.

டாக்டர் ஓங் அந்தக் காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.

பம்பு வைத்த முதல் ஐந்து வாரம் ரபியாக்கா கடைக்கே வரவில்லை. முதல் அளவில் காலையிலும் கால் பஞ்சாகவே கிடந்தது. குறைத்தார்கள், எல்ஆர்டியில் மறுபடி உதைத்தது. பின் ஒரு சுற்று, பின் இன்னொரு சுற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு கருவியை வயிற்றின்மேல் வைத்து, திரையைப் பார்த்து, எண்ணை மாற்றுவார்கள். அவ்வளவுதான், வலியுமில்லை, ரத்தமுமில்லை. புண் மட்டும் இதற்கிடையில் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு வந்தது. பிற்பகல்களில் அவர் வீட்டுச் சன்னலோரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பாராம். மூன்று மணிக்கு மேல் கால்கள் ஒவ்வொரு விரலாக நெகிழ்வது தெரியுமாம். அது வரும்போது எதிர் அடுக்குமாடியில் காயும் துணிகள்கூட மெதுவாக ஆடுவதாகத் தோன்றும் என்றார். யும்னா வேலை முடிந்து வந்ததும் கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் மடியில் சாய்வாள் என்றார்.

ஒன்பதாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, கடைக்கு வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

பத்து மணிக்கு நாற்காலி மேசையோடு ஒட்டி நின்றது. பிரேக் விழுந்தது. முதுகு சாய்ந்தது. செல்லக்கண்ணு சுண்ணக்கட்டியைக் கையில் தயாராக வைத்திருந்தார். நான் பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். காத்திருந்தோம். கீழே சந்தையில் யாரோ மீன்பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு வானொலியில் செய்தி முடிந்து பாட்டு ஆரம்பித்தது. பாட்டில் பாதி போயிற்று.

வலது தொடை சிலிர்த்தது.

பழைய வீச்சு இல்லை. கால்கள் மெதுவாக, யோசித்து யோசித்து நீண்டன. முட்டிகள் பூட்டின, ஆனால் மரமாக அல்ல, மூங்கிலாக. அவர் எழுந்தார். ஆடினார். இடுப்பு மேசையைத் தேடிப்பிடித்துச் சாய்ந்தது.

"சாக்," என்றார்.

ஒன்பது நிமிடம் நின்றார். ஒரு ரவிக்கை. இருபது நிமிடம் இனி ஒருபோதும் வராது என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தது. அவர் மெல்ல இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை விழவில்லை, உட்கார்ந்தார். அரைமணி ஓய்ந்து இன்னொரு முறை நின்று இன்னொரு ரவிக்கை. அவ்வளவுதான் அன்றைய காலை.

ஒரு மணிக்கு மேல் மருந்து ஏறத் தொடங்கியது. கால்கள் மேசைக்கடியில் சும்மா கிடந்தன, உதைக்கவில்லை. "அண்ணே, அந்த மெஷின இப்படித் திருப்புங்க," என்றார். மிதிகட்டையைக் காலுக்கு வைக்காமல் மேசைமேல் முழங்கைக்கடியில் வைத்துக்கொண்டார். ஆறு ஆண்டுகளில் முதல் தடவையாக, தாம் வெட்டியதைத் தாமே தைக்க உட்கார்ந்தார். நூல் நேராக ஓடியது. முழங்கையை அழுத்தும்போது அவர் முகம் பரிசோதனை அன்று நண்பகலில் மழையைப் பார்த்த முகமாக இருந்தது.

அப்படியே போய், இடது கைத்துளையில் நின்றது.

துணியைத் தூக்கிப் பார்த்தார். வலதையும் இடதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். இடது கைத்துளை கால் அங்குலம் கூடுதலாக இருந்தது. காலையில் வெட்டிய இரண்டாவது ரவிக்கையை எடுத்தார். அதிலும் இடதில் கால் அங்குலம் கூடுதல்.

"அண்ணே," என்றார்.

செல்லக்கண்ணு அவசரமாக ஒரு பட்டனைத் தேடினார்.

"அண்ணே, நான் சாஞ்சு நின்னு வெட்டுறேன். இடதுபக்கம் கால் இஞ்ச் போவுது. இது இன்னைக்கு வந்ததில்ல. எப்பலேருந்து?"

"எப்பலேருந்துனா..." அவர் பட்டனைக் கண்டுபிடித்துவிட்டார், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ எந்திரிச்சு நிக்க ஆரம்பிச்சதுலேருந்துதான்."

"ஆறு வருஷமா?"

"தைக்கிறப்ப கொஞ்சம் உள்வாங்கிப் புடிச்சா சரியாயிரும் லா. கால் இஞ்ச் தானே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? நீ இருவது நிமிஷம் உசுரக் குடுத்து நிப்பே, அதுல நான் போயி இடது பக்கம் சரியில்லம்மானு சொல்லணுமா? எனக்கு வேற வேல இல்ல?"

ரபியாக்கா அவரைப் பார்த்தார். ஏதோ கடுமையாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. சிரிக்கத்தான் செய்தார், கண்களைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தார். பிறகு பிரிப்பானை எடுத்து இடது கைத்துளையைத் தையல் தையலாகப் பிரித்தார். மேசைக்கடியில் கால்கள் அசையாமல் கிடந்தன.

மறுநாள் காலை எனக்கு வேலை, நான் போகவில்லை. யும்னா கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ரபியாக்கா நிற்கிறார். துணியில் வலதுபுறக் கோடு வரைந்தாகிவிட்டது. இடதுபுறம் வரைந்த கோட்டுக்குக் கால் அங்குலம் உள்ளே இன்னொரு கோடு போடுகிறார். முதல் கோட்டைக் கட்டைவிரலால் அழித்திருக்கிறார். படத்துக்கு வெளியே செல்லக்கண்ணுவின் குரல் இல்லை, அது படம்தானே. ஆனால் ரபியாக்காவின் வாய் திறந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிறது. கத்தரி துணியின் ஓரத்தில் வாயைத் திறந்து காத்திருக்கிறது. படத்தின் மூலையில் நேரம்: பத்து மணி நான்கு நிமிடம். இன்னும் ஐந்து நிமிடம் அவருக்கு இருக்கிறது.